குத்தூசி இல்லாமல் வந்தவர்

மந்திக்கெய்ரா மலை, பிரேசில்
அக்டோபர் 2000

அன்புள்ள தம்பி நெரியுவுக்கு,

அக்கா ஒதிலா எழுதுகிறேன். பாஸ்டனில் குளிர் ஆரம்பித்திருக்கும். கையுறை போடாமல் வேலைக்குப் போகாதே. எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறையொன்றுமில்லை. தொலைபேசியில் பேசினால் பாதியிலேயே கோபம் வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

காப்பிப் போட்டி விஷயம். போன வருஷம் முதன்முதலாக நடத்தியபோது நம் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பிரேசில் காப்பி மற்றதோடு கலக்கத்தான் லாயக்கு என்று காலமெல்லாம் சொன்ன வெளிநாட்டுக்காரர்கள், நல்லதாகப் பார்த்துப் பரிசு கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏலம் விட்டு, பணத்தை விவசாயிக்கே தருவார்களாம். எனக்கும் சந்தேகம்தான். நடுவர்கள் கரண்டியில் சத்தமாக உறிஞ்சிவிட்டு வாளியில் துப்புகிறார்கள். நன்றாக இருந்தால் எவனாவது துப்புவானா? இருந்தாலும் அப்பா நட்ட மேல்சரிவுக் காப்பியை இந்த வருஷம் அனுப்பினேன். யாருடைய காப்பி என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாதென்று பெயரை மறைத்து எண் கொடுத்தார்கள். நமக்கு நாற்பத்தேழு. அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டுறவுச் சங்கக் கதவில், இறுதிச் சுற்றுக்குத் தேறிய எண்களை ஒட்டினார்கள். நம் எண்ணும் இருந்தது. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து மாட்டைக் கறந்தேன். மறுநாள் காலையில் வியாபாரி துர்வால் வாசலில் நிற்கிறார், கையில் சோள மாவு கேக்.

அவரை உனக்குத் தெரியாதா? மூட்டையைக் குத்தூசியால் குத்தி, நாலு கொட்டையை உள்ளங்கையில் உருட்டி, முகத்தைச் சுளித்து விலையைக் குறைக்காமல் அவர் எந்த வீட்டிலும் காப்பி வாங்கியதில்லை. ஈரம், ஈரம் என்றே அப்பாவை அழவைத்தவர். அன்று குத்தூசியே கொண்டு வரவில்லை. மேல்சரிவு மூட்டை அத்தனையும் வேண்டும், வழக்கமான விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுத் தருகிறேன் என்றார். போட்டி வெறும் கண்கட்டு வித்தை, கடைசியில் காப்பியும் போய் நிற்பீர்கள் என்று பயமுறுத்தினார்.

"குத்திப் பாக்க வேண்டாமா?" என்றேன்.

"உங்க வீட்டுக் காப்பியச் சந்தேகப்படலாமாம்மா?"

"இத்தன வருஷமா அதத்தானே செஞ்சீங்க."

சிரித்தபடி சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டுட்டா முடிஞ்சுது."

காப்பி நம் இருவர் பேரிலும் இருக்கிறது. காகிதத்தைப் பார்க்க நான் கை நீட்டவில்லை. அதில் ஏற்கெனவே யார் கையெழுத்து இருக்குமோ என்று பயமாக இருந்தது, நெரியு. கேக்கைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.

அந்த மனுஷர் தேனொழுகப் பேசுவார். அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிறவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். உனக்கு ஏதோ பண அவசரமும் இருந்திருக்கலாம். அக்காவிடம் கேட்டிருக்கலாமே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் சேர்த்துப் பூட்டியாயிற்று. அடுத்த மாதக் கடைசியில் வெளிநாட்டு நடுவர்கள் வருகிறார்கள். என்ன கிடைத்தாலும் பாதி உனக்குத்தான், அதில் மாற்றமில்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். முடிவு வருவதற்கு முன்னால் ஒருமுறை கூப்பிடு. நான் எதுவும் கேட்கமாட்டேன். நீயாகச் சொல்.

உன் அக்கா,
ஒதிலா