வேர் பிளக்கவில்லை

இன்று காலை வந்த ஒருவரின் முன்பல் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வேர் சிகிச்சை செய்த பல். உள்ளே யாரோ இறக்கியிருந்த உலோகத் தண்டு வளையாமல் நின்றது. அதைத் தாங்கிய வேர் நீளவாக்கில் பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்தவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

பள்ளி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாம். அபிராமத்துக்காரனான நான் பல் டாக்டராகி ராமநாதபுரத்தில் கடை போட்டேன். நீ கடல்பாலத்துக்கு அப்பால் அக்காள்மடத்தில் உன் அய்யாவின் வள்ளத்தை எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கப் போனாய். ஒருநாள் இன்ஜினைக் கிளப்பும்போது கைப்பிடி எதிர்த்தடித்து முன்பல் பாதிக்குமேல் உடைந்துபோக, கைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாய்.

வேரைச் சுத்தம் செய்து அடைத்தாயிற்று. மேலே உறை போட வேண்டுமென்றால் உள்ளே ஒரு தண்டு வேண்டும். அதில்தான் நமக்குள் தகராறு.

"கம்பியே வைலே. கெட்டியா இருக்கணும்" என்றாய்.

நான் கண்ணாடி நாரில் செய்த தண்டை எடுத்துக் காட்டினேன். அது எங்கள் பக்கம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. நீ அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுத் தட்டில் போட்டாய்.

"இது ஈர்க்குச்சி மாதிரில்ல இருக்கு."

"கம்பி பல்லைவிடக் கெட்டி. அடி பட்டா அது வளையாது, வேரைப் பிளந்துரும். இது பல்லோட சேந்து கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும்."

"அப்ப உடையிற சாமானத்தைத்தான் வைக்கப் போறியா?"

"உடைஞ்சா மறுபடி வைக்கிற மாதிரி வைக்கிறேன்."

நீ சிரிக்கவில்லை. எனக்கும் இதில் அனுபவம் குறைவு என்பதை மறைக்காமல் சொன்னேன். கடைசியில், "சரி, உன் இஷ்டம்" என்று வாயைத் திறந்தாய். சம்மதித்தாயே தவிர நம்பவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருடம், வாடைக்காற்று தொடங்கிய சமயம், உன் தம்பி அந்தோணி போன் செய்தான். "அண்ணே, வலை விடயில அண்ணனுக்குக் கையில கயிறு சுத்திருச்சு. வாயெல்லாம் ரத்தம். கூட்டிட்டு வாரேன்." அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி மறுபடி கூப்பிட்டும் கிடைக்கவில்லை. நீங்கள் பாலம் தாண்டி வந்து சேரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். கை இருக்கிறதா என்றுகூட அவன் சொல்லவில்லை.

இருந்தது. வீங்கிக் கறுத்திருந்தது. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்பு முறியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகுதான் உன்னை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். நடந்ததை அந்தோணிதான் சொன்னான். நீரோட்டம் வலையை இழுத்த இழுப்பில் கயிறு உன் இடது மணிக்கட்டை இறுக்கிவிட்டது. வலது கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்தாய்; விட்டால் கடலுக்குள் போவாய். அந்தோணி முழுபலத்தோடு கயிற்றைப் பின்னால் இழுத்து ஒரு நொடி தொய்வு கொடுத்தான். அந்த நொடியில் நீ குனிந்து, மணிக்கட்டில் விழுந்த கயிற்றுக் கண்ணியை முன்பல்லால் கவ்வி இழுத்திருக்கிறாய்.

"கண்ணி அவுந்துச்சு. பல்லும் கூட வந்துருச்சு" என்றாய், சட்டைப்பையைத் தொட்டுக் காட்டி. உறையும் ஒடிந்த தண்டின் நுனியும் அதில் இருந்தன.

பல் ஒரு நொடி முந்திப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ கேட்ட கம்பியையே வைத்திருக்கலாமோ? எக்ஸ்ரே எடுத்து, இருட்டறையில் ஃபிலிமை மருந்தில் நனைத்துக்கொண்டு நின்றபோது இதே கேள்விதான் ஓடியது. கருமை மெல்லப் படர்ந்தது. வேரின் கோடு தெரிய ஆரம்பித்தது. இந்தப் பக்கம் முழுசாக இருந்தது. அந்தப் பக்கமும். ஃபிலிமைக் கழுவித் திரும்பவும் பார்த்தேன். பிளவு இல்லை.

வெளியே வந்து, "வேர் நல்லாருக்கு. மறுபடி வைக்கலாம்" என்றேன்.

"கம்பியா?" என்றாய்.

"இல்ல. இதேதான்."

வாயைத் துடைத்துக்கொண்டாய். "வையி. ஆனா இனிமே யாருக்கு வச்சாலும், அவன் பல்லால என்ன வேலை பாக்குறான்னு கேட்டுட்டு வையி. நீ என்னைக் கேக்கவே இல்ல."

பல வருடம் கழித்து உன்னைக் கொண்டுபோனது கடல் அல்ல. மாரடைப்பு, அதுவும் கரையில், வலை உலர்த்திக்கொண்டிருந்தபோது. நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் உன் வாயையும் பார்த்தேன். தொழில்புத்தி, மன்னித்துக்கொள். அந்தப் பல் நின்ற இடத்தில் நின்றது.

இப்போது தண்டு வைக்குமுன் எல்லோரிடமும் கேட்கிறேன். தையல்காரப் பெண் நூல் கடிப்பதாகச் சொல்கிறாள். எலக்ட்ரீஷியன் வயரின் தோலை உரிப்பதாகச் சொல்கிறார். சிலர் இதெல்லாம் எதற்கு என்பதுபோலப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை கையுறை போடாமல் காத்திருக்கிறேன்.