மாமா காட்டிய இடம்

20 செப்டம்பர் 2021

ஆசிரியர் தேர்வுக்கு இங்கிலாந்து வரலாறு. வேலை கிடைத்தால் வேலூரில் தனி வீடு, என் சமையல், என் சாவி.

ஜான் டட்லி. அப்பன் தலையை அரசன் வெட்டியும், படிப்படியாக ஏறி டியூக் ஆனவன். கடைசியில் மருமகள் ஜேனையே ராணியாக்கினான். அந்தப் பெண் அழுதாளாம்.

படிக்கும்போதே மாமனார் வந்தார். ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். "நீ நில்லும்மா புவனா. பேரு உன்னுது, வேல என்னுது. நீ பாட்டுக்குப் படி." டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்து கட்சியில் ஒன்றியச் செயலாளரானவர். அவரிடம் யார் மாட்டேன் என்பது?

13 அக்டோபர் 2021

ஜெயித்தேனாம். மாலை மாமா கழுத்தில்.

4 மார்ச் 2023

தீர்மானப் புத்தகத்தில் ஒரு வெற்றுப் பக்கம். மாமா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்து, விரலை வைத்துக் காட்டினார். "இங்க போடும்மா."

"இன்னா தீர்மானம் மாமா?"

"அத நான் எழுதிக்கிறேன்."

போட்டேன். எம்.ஏ. வரலாறு! த்தூ.

2 டிசம்பர் 2024

ஏரியின் உபரிநீர்க் கால்வாயை மூடித்தான் மாமா கல்யாண மண்டபம் கட்டினார். ஊருக்கே தெரியும். அதற்கு அனுமதி அந்த வெற்றுப் பக்கத்தில் இருப்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. ஜவ்வாது மலையில் கொட்டிய மழை போக வழியில்லாமல் கீழ்த்தெருவில் புகுந்துவிட்டது. அந்தத் தெருக் குப்பம்மாள் நடக்க முடியாதவள். கட்டிலோடு போய்விட்டாள்.

நான்தான் கொன்னுட்டேன். இல்ல — நான் படிக்கவே இல்லயே. அதான், படிக்காம போட்டேனே!

9 டிசம்பர்

விசாரணைக்கு அதிகாரி வந்தார். மாமா சொன்னது: "எனக்கு இன்னா சார் தெரியும்? தலைவரு அவங்கதான். படிச்சவங்க. கையெழுத்தப் பாருங்க."

என்னை 'அவங்க' என்றது இதுதான் முதல் தடவை. என் கணவர் ரஞ்சித்குமார் பக்கத்தில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

18 டிசம்பர்

மாமா எதிர்க்கட்சிப் பழனி வீட்டுக்குச் சால்வையோடு போனாராம். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலமே சொந்தக் கட்சியும் நீக்கிவிட்டது.

டட்லியும் தோற்றதும் தொப்பியை வானத்தில் வீசி எதிரி ராணிக்கு வாழ்க சொன்னான். மதம்கூட மாறிப் பார்த்தான். தலை தப்பவில்லை. ஆறு மாதம் கழித்து ஜேன் தலையும் போயிற்று. அவள் என்ன தப்பு செய்தாள்?

21 ஜனவரி 2025

மாமாவையும் என்னையும் போலீஸார் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள்.

7 பிப்ரவரி

ஜாமீன். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடம் காத்திருந்த ஆசிரியர் தேர்வு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. "மனு போட நாள் இல்லங்க. ஒரு நாள் வுட்டாலும் ஜாமீன் போய்டும்" என்றார் வக்கீல். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஹால் டிக்கெட் பையில் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன்?

ஸ்டேஷனில் எனக்கு முன்னால் மாமா. சட்டைப்பையில் பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் நோட்டை உற்று உற்றுப் பார்த்தார்.

"எங்கம்மா போடணும்?"

விரலை வைத்துக் காட்டினேன். அவருக்குக் கீழே நானும் போட்டேன். சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐந்து. வினாத்தாள் கொடுத்திருப்பார்கள்.