சிவப்பு மையில் அடித்த வரிகள்

மகளுக்கு,

காடு வா வா என்கிற வயதில் மனநல ஆலோசகர் பட்டப்படிப்பு எதற்கென்று உன் சித்தியிடம் கேட்டாயாம். உன் தம்பி இறந்தபின் என்னோடு பேசாதவளுக்குப் பதில் எழுதுகிறேன்.

நடந்த பேச்சை அப்படியே எழுதி, நாம் உபதேசம் செய்த வரிகளைச் சிவப்பு மையில் அடிப்பது இங்கே வகுப்பில் ஒரு பயிற்சி. அவனுடைய கடைசித் தொலைபேசி அழைப்பை எழுதினேன். அதன் முடிவு இது:

"என்னால முடியலம்மா."

"குளிச்சிட்டு வேலைக்குப் போடா, எல்லாம் சரியாயிடும்."

"அவனைப் பேச விடும்மா!" என்று அருகிலிருந்த நீ கத்தினாய். "நீ சும்மா இருடி" என்றேன். அன்று மாலைக்குள் அவன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

"உங்களோடது ஒரு வரிகூட மிஞ்சலையே?" என்றார் ஆசிரியை. மிஞ்சியவற்றில் அவனுடையவை நான்கு வாக்கியங்கள். அந்த வகுப்பில்தான் அவற்றைக் கேட்டேன்.

நீ சொன்னதை நான் அடிக்கவில்லை.

அம்மா