ஸ்டெல்லாவுக்கு எழுதிய ஆறு வரி

10-8-1943, செவ்வாய். ஜப்பான்காரர் ஆட்சி வந்தபின், நான் பாடம் சொல்லும் பள்ளியின் பதிவேட்டில் அவர்கள் கணக்குப்படி 2603.

காகிதம் கிடைக்காத நாளில் எனக்காக ஒரு தாளை வீணாக்குகிறேன். மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை.

இன்று நான் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தபோது தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள் ஸ்டெல்லா ஓடி வந்தாள். அவள் நாவலுக்கு ஈப்போ நகரத்து அச்சகத்தின் பதில் காய்கறி லாரியில் வந்திருந்தது.

“நாவல முழுசா அனுப்பச் சொல்லிட்டாங்க! எல்லாம் நீ எழுதிக் குடுத்த கடுதாசிதான்டி!”

“சந்தோஷம்” என்றேன். கிழங்கு கையிலேயே ஒடிந்தது.

அவள் கதையைச் சொல்லி ஆறே வரிதான் எழுதிக் கொடுத்தேன். கங்காணி மகனைக் கட்ட மறுத்து மலையிறங்கும் கொழுந்துக்காரி. அவளுக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

அவள் கடிதம் போன அதே லாரியில் என் நாவலுக்கும் கடிதம் அனுப்பினேன். மூன்று பக்கம். பெண்ணாயிருந்து எழுதியதற்கும், அவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கும் மன்னிப்புக் கேட்டிருந்தேன். கதை என்னவென்று சொல்லவேயில்லை. பதிலும் இல்லை. தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து போய்ப் பி.ஏ. வாங்கிய முதல் ஆள் நான்; என் கதைக்கு ஆறு வரி எழுத வரவில்லை.

என் நாவல் அவளுடையதைவிட நல்லது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை. அவள் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“உன்னுது என்னடி ஆச்சு?”

“தெரியல.”

அதை முழுதும் படித்தவள் அவள் ஒருத்திதான். படித்துவிட்டு அழுதாள்.

நாளை பள்ளிக்கு வருவாள். கேட்க வேண்டியதை இங்கேயே சொல்லிப் பார்க்கிறேன்.

ஸ்டெல்லா, என் கதைக்கு நீ ஆறு வரி எழுதிக் குடுடி.