மருந்து அடிக்காத மூலை

தம்பிக்கு,

நீ இல்லாத நாளாகப் பார்த்துத்தான் பல்கலைக்கழகக் களைக் கணக்கெடுப்புக்கு உன் வயலுக்கு வந்தேன். மறைப்பானேன்.

மருந்தே அடிக்காத பக்கத்து வயலில், தின்னக்கூடிய களைகள் ஏழு வகை. மூன்று போகமும் களைக்கொல்லியுமாக இருக்கும் உன் வயலில் ஒன்றுமில்லை. களைக்கொல்லி பற்றிய நம் சண்டையில் நான் சொன்னதுதான் சரி என்று குறித்துக்கொண்டே நடந்தேன்.

கிணற்று மூலையில் மட்டும் மணத்தக்காளி முழங்கால் உயரம் நின்றது. ஏன் என்று உன் வயலில் மருந்து அடிக்கும் கூலிக்காரப் பெண்ணிடம் கேட்டேன்.

"அங்க அடிச்சா அண்ணன் தொலைச்சிடுவாரு. அவரு அக்காவோட வாய்ப்புண்ணு இந்தக் கீரைக்குத்தான் கேக்குமாம். ஆறு வருஷமா அந்த அக்காவத்தான் காணோம். நீங்க யாரு?"

"கணக்கெடுக்க வந்தவ" என்றேன்.

ஒரு மூலையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்பவள் நான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன். வீட்டில் இரு.

வாய்ப்புண் இருக்கிறது.

அக்கா