கை நடுக்கம் என்று எழுதினோம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் நேற்று ஒரு வேடிக்கை. அங்கே அப்பாவைப் போலவே பார்க்கின்சன் நோய் வந்த ஒருவர் இருக்கிறார். அவரால் தானாக என்னென்ன செய்ய முடிகிறது என்று டாக்டர் கேட்கக் கேட்க, அவர் மனைவி, "அவரு எதுக்குப் பண்ணணும்? நான் எதுக்கு இருக்கேன்!" என்றார். எல்லோரும் சிரித்தோம். டாக்டர் மட்டும், "முடியாதது கை நடுக்கத்தாலயா, மறதியாலயா? எல்லாத்தையும் நீங்களே செஞ்சா எப்படித் தெரியும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டரிடம் கொடுக்க நிரப்பி வைத்திருக்கும் அப்பாவின் படிவத்தில், எது ஏன் முடியவில்லை என்ற எல்லாக் கேள்விக்கும் நாம் கை நடுக்கம் என்றுதானே எழுதினோம்?

கோபிக்காதே. ஒரு நாள் மாத்திரை டப்பாவை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார். கை தவறிக் கீழே போட்டால் பரவாயில்லை. திறந்து வைத்துக்கொண்டு எதற்கென்று யோசித்தால் எழுதி வை.

வேலைக்கு நேரமாகிறது. இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது, "உங்க பொண்ணு பேசறா" என்று சொல்லித்தானே அப்பாவிடம் போனைக் கொடுப்பாய்? இந்த ஒரு தடவை சொல்லாமல் கொடு. யாரென்று கேட்டால் அதையும் படிவத்தில் எழுது.

அடுத்த வாரத்திலிருந்து பழையபடி சொல்லியே கொடு, அம்மா.

உன் மகள்