இறக்கை சாய்க்கும் நேரம்

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

நலம். போன வாரம் பார்த்த புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, உன் முழங்காலுக்கு ஆகாது.

விமானப்படையை விட்டுவிட்டுப் பயணிகள் விமானம் ஓட்டப் போனால் சம்பளம் கூடுமே, ஏன் இன்னும் மனுப் போடவில்லை என்று கேட்டிருந்தாய். அங்கேயும் முதலில் காதைத்தான் சோதிப்பார்களாம். எங்கள் டாக்டர் நல்ல மனுஷன். என் காதைச் சோதித்து முடித்து, கருவியின் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு, "சார், வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆபீஸில் எனக்கு ஜன்னலோரம் மேசை போட்டிருக்கிறார்கள். காற்று நன்றாக வருகிறது. இந்த மாதத்திலிருந்து சம்பளத்தோடு விமானம் ஓட்டுவதற்கான படிப்பணம் வராது. கொஞ்சம் பார்த்துச் செலவு செய்.

சின்னவளிடம் ஒன்றும் சொல்லாதே. சாயங்காலம் வழக்கம்போல மொட்டைமாடியில் நிற்கட்டும். நம் வீட்டுக்கு மேலே வரும்போது அவளுக்காக நான் விமானத்தின் இறக்கையை இருபக்கமும் சாய்ப்பேன் அல்லவா, அந்த வேலையை என் ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டேன். "பாப்பா எந்தப் பக்கம் சார் நிப்பா?" என்று கேட்டுக்கொண்டான்.

நேற்று நீ ஃபோனை அவளிடம் கொடுத்ததும், "அப்பா, இன்னிக்குத்தான் ரொம்ப அழகா சாய்ச்சீங்க" என்றாள். அவள் பக்கத்தில் இருக்கும்போது உன்னிடம் எதையும் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். காது கேட்காததால் அல்ல.

உன்,
ஜன்னலோரத்து ஆள்